வரப்பை எடுத்த வருடம்

என் கணவர் இறந்த பதினோராவது மாதத்தில் எங்கள் மேட்டுக்கொல்லையின் மண் போனது. இரண்டும் என் கண் முன்னால்தான் நடந்தன. இரண்டுக்கும் நான் அழவில்லை. முசரவாக்கத்தில் என்னை நெஞ்சழுத்தக்காரி என்று சொல்வார்கள். முதல் சாவில் கிளம்பிய பேச்சு அது. மண் போன பிறகு அந்தப் பேச்சை யாரும் மாற்றிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

அவர் போன நாளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கார்த்திகை மாதம், காலை நேரம். கொல்லையிலிருந்து வந்தவர் மார்பைத் தடவிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். "ஒரு மாதிரி இருக்குதும்மா" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அவருடைய தம்பி ஓடிப்போய் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தார். காஞ்சிபுரத்துக்குப் பாதி வழியில், என் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அந்தத் தார்ப்பாய்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வலி இருந்தது என்று சொன்னால் பொய். காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அது மாதிரிதான் இருந்தது. தட்டினால் தட்டுவது தெரியும், அவ்வளவுதான். சமைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் போன் செய்து "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். சாப்பிட்டும் இருப்பேன். யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும்.

மேட்டுக்கொல்லை ஒன்றரை ஏக்கர். ஊருக்கு மேற்கே கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. நின்று பார்த்தால் சரிவென்றே தெரியாது, ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். சரிவு முடிகிற இடத்தில், நாலடித் தாழ்வில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருடைய அரை ஏக்கர் கழனி. அதைத் தாண்டினால் ஏரிக்குப் போகிற கால்வாய்.

என் கணவர் கொல்லையை நான்கு துண்டாக வைத்திருந்தார். சரிவுக்குக் குறுக்கே மூன்று வரப்புகள். கழனி வரப்பு மாதிரி ஒற்றைக் கால் வைக்கிற அகலமில்லை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்காமல் நடக்கலாம். மேலே கொழுக்கட்டைப் புல், துவரை, ஆமணக்கு. நிலத்தின் மேல் எல்லையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். ஒவ்வோர் ஆனி மாதமும் அதைத் தூர் எடுப்பார்.

எனக்கு அந்த வரப்புகள் பிடிக்காது. புல் அறுப்பது என் வேலை. ஒரு தடவை கைப்பிடிப் புல்லோடு ஒரு விரியனையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தேன். அன்றைக்கு அவரோடு பெரிய சண்டை. "ஊர்ல எவன் இம்மாம் அகலத்துல வரப்பு வச்சிருக்கான்? அதுல நாலு வரிசை கடல போடலாம்" என்றேன். அவர் சிரித்தார். "உனக்குப் பாம்பு பயம். எனக்குத் தண்ணி பயம்."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் நிலத்துக்கு மேலே முன்பு கரம்பாகக் கிடந்த இடம். பனைமரங்கள், காரை, சூரைமுள். வெளியூர்க்காரருடையது. அவர் விற்றுவிட்டார். ஜேசிபி வந்து பத்து நாளில் எல்லாவற்றையும் வழித்துவிட்டது. கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் ஆக்கி, கிராவல் கொட்டி ரோடு போட்டார்கள். கடைசி ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய். அதன் வாய் எங்கள் கொல்லையைப் பார்த்து இருந்தது. கரம்பாக இருந்த காலத்தில் அங்கே விழுந்த மழை எங்கள் எல்லைக்கு நிதானமாக வரும், பல சமயம் வராமலே நின்றுவிடும். இப்போது மழை விடுவதற்குள் குழாய் வழியாகப் பீறிட்டு வந்தது. என் கணவர் குழாய்க்குக் கீழே கருங்கல்லை அடுக்கினார், வாய்க்காலை இன்னும் ஒரு சாண் ஆழப்படுத்தினார். இரண்டு மழைக்காலங்களை அப்படிச் சமாளித்தார்.

மூன்றாவது மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

அவருடைய தம்பி வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். அண்ணன் போன பிறகு நிலத்தைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அதில் அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்றவர்கள் நிலத்தை உழுதுவிட்டுக் களைத்துப்போய், எங்கள் நிலத்தையும் உழுவார். வைகாசியில் ஒரு நாள் மாட்டுக்கொட்டகை அருகே நின்று பேச்சை எடுத்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"சொல்லுங்க."

"அந்த வரப்புங்கள எடுத்துட்டா இன்னா? நாலு துண்டா கெடக்குது. வண்டி திருப்பறதுக்கே பாதி நேரம் போவுது. எடுத்துட்டா மேலருந்து கீழ ஒரே ஓட்டமா ஓட்டிடலாம். எடமும் மிச்சம்."

நான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"உங்க அண்ணன் இருந்தா ஒத்துக்க மாட்டாரு" என்று சொல்லியிருக்க வேண்டும். அது என் நாக்கு வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. "எடுத்துடுங்க" என்றேன்.

மறு வாரம் ஒரே காலையில் மூன்று வரப்புகளும் போயின. வேர் பிடித்த புல் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. கொழுந்தனார் அதையெல்லாம் பரப்பி, ரொட்டவேட்டரால் மேலும் கீழுமாக ஓட்டினார். உழவுச் சால்கள் மேற்கிலிருந்து கிழக்கே நீளமாக ஓடின, நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பாவு மாதிரி ஓர் இழைகூடக் குறுக்கே இல்லாமல். பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "கொல்ல இப்பதான் கொல்ல மாதிரி இருக்குது" என்றார்கள்.

ஆனியில் அவர் கேட்டார், "வாய்க்கால் தூரெடுக்க ஆள் சொல்லட்டுமா அண்ணி?"

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் பார்க்கவில்லை.

ஆடியில் விதைத்த வேர்க்கடலை நன்றாகவே வந்தது. ஐப்பசி பிறந்ததும் பிடுங்கினோம். கடலை பிடுங்கிய நிலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு செடியும் வரும்போது ஒரு பிடி மண்ணைக் கிளறிவிட்டுத்தான் வரும். நிலம் முழுக்கப் பொலபொலவென்று, மேலே ஓர் இலைகூட இல்லாமல், வெறும் மண்ணாகக் கிடந்தது. கொடியைக் குவித்து மோட்டார் கொட்டகை பக்கத்தில் போர் போட்டோம்.

மழை பிடித்தது நாலாவது நாள் மதியம். கடலைக்கொடி நனைந்தால் மாடு தின்னாது என்று தார்ப்பாய் எடுத்துக்கொண்டு போனேன். போரை மூடி, மூலைகளில் கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது நெல்லைக் கொட்டுகிற மாதிரி கொட்ட ஆரம்பித்தது. மோட்டார் கொட்டகைக்குள் ஓடி நின்றேன். கொட்டகை நிலத்தின் ஓரத்தில், நடுவாந்திரத்தில் இருக்கிறது. மேலே பார்த்தால் குழாய் தெரியும், கீழே பார்த்தால் கழனி தெரியும்.

முதலில் ஒவ்வொரு சாலிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. தெளிந்த தண்ணீர். பிறகு கலங்கியது. குழாயிலிருந்து வெள்ளம் வந்து, தூர்ந்துபோன வாய்க்காலை ஒரே தாண்டில் தாண்டி உள்ளே இறங்கியது. நாலைந்து சால்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கீழே, கழனிக்கு இறங்குகிற விளிம்பில், ஒரு கூடை அளவு மண் பெயர்ந்து விழுந்தது. அந்தப் பள்ளம் அங்கேயே நிற்கவில்லை. மேல்நோக்கி வந்தது. தண்ணீர் கீழே போக, பள்ளம் மேலே ஏறி வந்தது. தொப், தொப் என்று இரு பக்கமும் கரை சரிந்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்கு நேராக வந்துவிட்டது. உள்ளே சுழித்துப் போன தண்ணீர் கெட்டியாக, டீ நிறத்தில் இருந்தது.

கொட்டகை மூலையில் மண்வெட்டி சாத்தியிருந்தது. இறங்கி, மேலே போய், பத்து வெட்டு வெட்டி, நிலத்து ஓரமாக இறங்குகிற கால்வாய்க்குத் திருப்பியிருந்தால் பாதி வெள்ளமாவது அந்தப் பக்கம் போயிருக்கும். எனக்குத் தெரியும். என் கணவர் அதைச் செய்து நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் மண்வெட்டி பிடித்த கைதான் என் கை. மண்வெட்டியைப் பார்த்தேன். மழையைப் பார்த்தேன். புடவைத் தலைப்பைப் பிழிந்து தலையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மழை விட்டபோது இன்னும் பொழுது சாயவில்லை. வீட்டுக்குப் போய் மாட்டைக் கறந்தேன்.

மறுநாள் கொழுந்தனாரோடு போனேன். நிலத்தின் நடுவே மேலே முழங்கால் ஆழத்திலும் கீழே மார்பு ஆழத்திலும் ஓர் ஓடை கிழித்திருந்தது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் மேல்மண் வழித்துக்கொண்டு போய், பல இடங்களில் அடியிலிருந்த சுக்கான் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டி மாதிரியான கல் அது. அதில் எதுவும் வேர் விடாது. கொழுந்தனார் பள்ளத்துக்குள் இறங்கி நின்றார். அவர் தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன.

"இது மழையே இல்ல அண்ணி" என்றார். "இப்டி ஒரு மழைய எவன் பாத்தான்."

இதைவிடப் பெரிய மழைகளை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

கீழே கழனியில்தான் பெரிய அழிவு. நட்டு ஒரு மாதம் ஆன சம்பாப் பயிர். பாதிக்கு மேல் எங்கள் மண் ஏறி மூடியிருந்தது. சில இடங்களில் நாற்றின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நெசவாளர் அன்றைக்கே வந்தார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். அறுபது வயது இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மொபெட்டில் வருவார், மற்ற நாளெல்லாம் தறி. என் கணவரைத் தம்பி என்று கூப்பிடுவார். எங்கள் போர்வெல் தண்ணீரைத்தான் கழனிக்குத் திருப்பிக்கொள்வார். தீபாவளி முடிந்து தறியில் கொஞ்சம் ஓய்வு. தெருவில் பாவு நீட்டவும் மழை விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணின் மேல் நடந்தார். கால் புதையவில்லை. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"வரப்ப எடுத்துட்டோம்ணா."

"மூணுமா?"

"மூணும்."

அவர் கொழுந்தனாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பயிரு போனா போவுது. இந்த மண்ணு எனக்கு வேணாம்மா. இது உங்க மண்ணு, எடுத்துக்கோங்க. கார்த்திக அமாவாசைக்கு எங்க தெருவுல தறி ஓடாது. பசங்க ரெண்டு பேரக் கூட்டியாறேன். நானும் வாறேன்."

"வந்து?"

"வாரிப் போடலாம். வேற இன்னா பண்றது, பாத்துக்கினே நிக்கறதா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பார்த்துக்கொண்டே நின்றதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அமாவாசைக்கு முன்னால் என் கணவரின் முதல் வருடத் திதி வந்தது. ஐயர் சொன்னதையெல்லாம் செய்தோம். எள்ளும் தண்ணீரும் விட்டேன். வந்த பெண்களில் ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இன்னிக்காவது வாய்விட்டு அழுதுடும்மா, உள்ள வச்சிக்காத" என்றாள். உள்ளே எதுவும் இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "இலை போடணும்" என்று எழுந்து போனேன்.

அமாவாசையன்று காலையில் நெசவாளர் தன் தங்கை மகன்கள் இரண்டு பேரோடு வந்தார். முப்பது வயதைத் தாண்டிய நெசவுக்காரர்கள். மண் வேலை பழக்கமில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே கையில் கொப்புளம் கண்டு, துணி சுற்றிக்கொண்டார்கள். கொழுந்தனார் டிராக்டரில் டிப்பரை மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கழனியிலிருந்து இரும்புச் சட்டியில் வாரி டிப்பரில் கொட்ட, அவர் சுற்று வழியாக மேலே ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டினார்.

நாலாவது நடை ஏறும்போது வேளாண்மை அலுவலர் வந்தார். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து எழுதிக்கொண்டு போக வந்தவர். இளம்பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். ஸ்கூட்டியை மேலே நிறுத்திவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கழனியைப் படம் எடுத்தார். பிறகு நாங்கள் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத மேல கொண்டுபோய் போட்டா சரியாயிடும்னு போடறீங்களாம்மா?"

"எங்க மண்ணுதானே" என்றேன்.

அவர் குனிந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். "உங்களுதுதான். ஆனா இதுல மண்ணு இல்லம்மா, மணலு மட்டும்தான் இருக்குது."

கொழுந்தனாருக்குக் கோபம் வந்தது. "அப்ப மண்ணு எங்க போச்சு மேடம்?"

அவர் வாதம் செய்யவில்லை. தன் பையிலிருந்து பாதி காலியான தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நெசவாளரிடமும் ஒரு பாட்டில் இருந்தது. ஒன்றில் கழனியில் கிடந்ததை ஒரு பிடி போட்டார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வெள்ளம் தொடாத மூலை ஒன்று இருந்தது. அங்கே போய் ஒரு பிடி எடுத்து மற்றதில் போட்டார். இரண்டையும் மூடிக் குலுக்கி டிப்பர் விளிம்பில் வைத்தார். நாங்கள் ஆறு பேரும் நின்று பார்த்தோம். கழனியிலிருந்து எடுத்தது சரசரவென்று அடியில் போய் உட்கார்ந்தது, மேலே தண்ணீர் சீக்கிரமே தெளியத் தொடங்கியது. மற்றது கலங்கலாகவே நின்றது. நாங்கள் டீ குடித்து முடிக்கும்போதும் அது தெளியவில்லை.

"அந்தக் கலங்கல்தான் உங்க மண்ணு" என்றார். "சத்து, எரு, எல்லாம் அதுலதான் ஒட்டிக்கினு இருக்கும். கனமா இருக்கற மணல தண்ணி இங்கயே போட்டுட்டுப் போயிடும். லேசா இருக்கறத நிறுத்தாம தூக்கிக்கினு ஏரிக்குப் போயிடும்."

கொழுந்தனார் மேலே கையைக் காட்டினார். "எல்லாம் அந்தப் பிளாட்டுக்காரனுங்களால வந்தது மேடம். குழாயப் பாருங்க."

"குழாய் ஒரு காரணம்தான். அதுவும் எழுதறேன். ஆனா குழாய்த் தண்ணி முன்ன ரெண்டு வருஷமும் வந்திருக்குமே?" அவர் நிலத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சால மேல கீழ ஓட்டியிருக்கீங்க. ஒவ்வொரு சாலும் தண்ணிக்கு ஒரு ரோடு. நடுவுல நிறுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. கடல பிடுங்கிக் கிளறி விட்டாச்சு, மேல ஒரு பச்சை இல்ல. மழ நேரா மண்ணு மேல அடிக்குது. இங்க வரப்பே கிடையாதா?"

டம்ளரை டிப்பர் விளிம்பில் வைத்தேன்.

"இருந்துது" என்றேன். "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"இல்ல மேடம்" என்றார் கொழுந்தனார். "நான்தான் எடுக்கலாம்னு சொன்னேன். எங்க அண்ணன் கட்டின வரப்பு. அண்ணி சும்மா சரின்னாங்க, அவ்ளோதான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிராக்டருக்குப் போனார். இவ்வளவு நாளும் மழையையும் பிளாட்டையும் அவர் ஏன் திட்டிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்காகப் பாவப்பட வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அலுவலர் போன பிறகும் நாங்கள் வாருவதை நிறுத்தவில்லை. மணலென்றாலும் கழனியிலிருந்து போய்த்தான் ஆக வேண்டும், பள்ளமும் தூர்ந்துதான் ஆக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நெசவாளரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் வார, நான் சட்டியைத் தூக்கி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது, சொன்னேன்.

"அண்ணா, மழை வந்தன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன்."

"எங்க?"

"கொட்டகையில. எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருந்தேன். மண்வெட்டி பக்கத்துலயே இருந்துது. எடுக்கல."

அவர் வாருவதை நிறுத்தினார்.

"பயந்துட்டியாம்மா? இடி இடிச்சிதே."

"பயம் இல்ல. ஒண்ணுமே இல்ல. உங்க பயிர மூடறதும் தெரிஞ்சிது."

அவர் நெற்றியை முழங்கையால் துடைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். "எங்க வூட்டம்மா போன மூணாம் மாசம். ஒரு கல்யாணப் பொடவ தறில இருந்துது. நெய்ஞ்சிக்கினேதான் இருந்தேன், ஒரு நாளும் நிறுத்தல. பக்கத்துத் தறிக்காரன் ஒரு நாள் வந்து, 'இன்னாபா, கரையில கலரு மாறிக்கினு போவுது'ன்றான். பாத்தா ஒரு முழத்துக்கு மேல தப்பு. கண்ணு தொறந்துக்கினுதான் இருந்துது. கையும் காலும் ஓடிக்கினுதான் இருந்துது. ஆளுதான் அங்க இல்ல."

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"பிரிச்சேன். அஞ்சு நாள் ஆச்சு. அப்பகூட ஒண்ணும் தோணல. பிரிக்கணும், பிரிச்சேன்." மண்வெட்டியை மறுபடி எடுத்தார். "என் பயிருக்காவ நீ இதச் சொல்லணும்னு இல்லம்மா. சொன்னது சொன்னதா இருக்கட்டும்."

கழனியிலிருந்து மணல் முழுதும் போக அதற்கப்புறமும் பல நாள் ஆனது. நானும் கொழுந்தனாரும் செய்தோம். தெருவில் பாவு நீட்ட முடியாத மழை நாட்களில் நெசவாளரும் வந்தார். அவருக்கு அந்தப் போகம் கால் பங்குதான் கண்டது. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நான் கேட்கவும் இல்லை. அறுப்பு முடிந்ததும் எங்கள் பசுவின் பாலை ஒரு மாதம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் காலை நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் தறிச்சத்தம் வரும். அவர் மருமகள் பாலை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க" என்பாள். "இருக்கட்டும்மா" என்று திரும்பிவிடுவேன்.

அலுவலர் ஒரு வழி சொல்லியிருந்தார். கோடையில் ஏரி வற்றியதும், தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால் விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துக்கு நாலு தடவை போனேன். ஒரு தடவை சிட்டா இல்லை என்றார்கள், ஒரு தடவை எழுதுகிறவர் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து அவர்களுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். சித்திரைக் கடைசியில் உத்தரவு கையில் கிடைத்தது.

ஏரிக்குள் இறங்கினேன். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கால்வாய் சேருகிற இடத்தில் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு பாளத்தைக் காலால் நெம்பினேன். மேலே சுட்டது, அடியில் ஈரம். குனிந்து தொட்டேன். அந்த வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி. மாவு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. இதில் எது எங்கள் மண், எது மற்றவர்கள் மண் என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்கே எல்லாருமே வரப்பை எடுத்திருந்தார்கள். ஈரத்தில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பின்னால் ஹாரன் அடித்தது. ஜேசிபி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா! இம்மாம் பெரிய ஏரில உக்காறதுக்கு நான் தோண்டற எடம்தான் கெடச்சிதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக வந்தது. என் காதுக்கே அது வேறு யாருடைய சிரிப்போ மாதிரி இருந்தது. டிப்பரில் சாய்ந்து நின்றிருந்த கொழுந்தனார் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பழையபடிதான் இருந்தது.

இருபது நடைக்கு மேல் வண்டல் அடித்தோம். ஒன்றரை ஏக்கருக்கு அது போதாது. சுக்கான் தெரிந்த இடங்களை மூடினோம், மெலிசாக. வைகாசியில் வரப்பு போட்டோம். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது தண்ணீருக்குச் சரியாக இருக்காது என்று அலுவலர் சொன்னதால், கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற டியூப் இரவல் வாங்கினோம். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயின் ஒரு முனையை நானும் மறு முனையைக் கொழுந்தனாரும் பிடித்துக்கொண்டு, மட்டம் நிற்கிற இடத்திலெல்லாம் முளை அடித்தோம். கோடு நேராக வரவில்லை, வளைந்து வளைந்து போனது. அதன்படியே வரப்பு கட்டினோம், நான்கு. புல் கரணைகளைக் கால்வாய்க் கரையிலிருந்து வெட்டி வந்து நட்டேன். டிராக்டரை இப்போது சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்டுகிறார். திருப்பும்போதெல்லாம் முணுமுணுப்பார். ஒரு தடவை வரப்பின் மேல் பெரிய சக்கரம் ஏறிவிட்டது. இறங்கி வந்து, உடைந்ததைத் தானே கையால் அணைத்துவிட்டுப் போனார்.

மேலே பிளாட்டில் இரண்டு வீடுகள் எழும்பிவிட்டன. இன்னும் வரும். குழாயைப் பற்றி ஊராட்சியில் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள், வாய்க்குக் கீழே கொஞ்சம் கல் பதித்தார்கள். போன ஐப்பசியில் நல்ல மழை. இரண்டாவது வரப்பு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டது, மற்றவை நின்றன. கால்வாயில் விழுந்த தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. முன்பு போல் டீ நிறமில்லை.

பள்ளம் இருந்த தடம் இன்னும் தெரிகிறது. அந்த வரியில் மட்டும் கடலைச் செடி மஞ்சளாக, குட்டையாக நிற்கும். பிடுங்கினால் இரண்டு காய், மூன்று காய். இந்த வருடம் அங்கே கடலையை விட்டுவிட்டுக் கொள்ளு தெளித்தோம். கொள்ளு எதிலும் வரும், தரையைச் சீக்கிரம் மூடும். ஒரு சாண் மேல்மண் திரும்பச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று அந்த அலுவலரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"உங்க காலத்துல ஆகாதும்மா. என் காலத்துலயும் ஆகாது."

கேட்டுக்கொண்டேன். அவர் ஸ்கூட்டியைத் திருப்புகிற வரைக்கும் நின்றுவிட்டு, மூன்றாவது துண்டில் பாதியில் விட்டிருந்த களையை எடுக்கப் போனேன். வெயில் ஏறுவதற்குள் இன்னும் ஆறு வரிசை இருந்தது.